அழுகை போன இடம்

பியூலா டீச்சரை நாச்சிமுத்து வாத்தியார் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

லேசான சிரிப்பு அல்ல. கண்ணில் நீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் யானையைப் பார்த்து, திரும்பவும் முதலிலிருந்து சிரித்தார்.

யானைக்கு மூன்று கால்கள். நான்காவது கால் பக்கத்தில் தனியாகக் கிடந்தது.

"சிரிச்சது போதுங்க டீச்சர். நான் இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

"யானை யாரோடது?"

"சஷ்டிகாவோடது."

"அப்ப அவகிட்டச் சொல்லுங்கண்ணா."

"என்னத்தைச் சொல்றது?"

"நடந்ததை."

"ஏழு வயசுப் புள்ளகிட்டயா?"

டீச்சர் யானையை எடுத்து வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்தார். உடைந்த காலையும் வைத்தார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். வழக்கம்போலப் பாதியில் நின்றார். சுவரில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார். உதட்டில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

"வர்றேன்ணா."

வரவில்லை.

*

ஊர் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் அந்த மாடியில் அவர் மாணவர். டீச்சருக்கு அவருடைய மகள் வயது இருக்கும்.

உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாச்சிமுத்து பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் மைதானம் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருப்பவன் ஒற்றைக் காலில் நிற்பான். அழுதுகொண்டிருப்பவன் வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொள்வான். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி மயிலாத்தாள் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் விசிலுக்கு வேலை இல்லாமல் எல்லாம் தானாகவே நின்றுவிட்டது.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள். மனசில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாத குழந்தைகள் அதை விளையாட்டில் சொல்வார்களாம். கூட இருந்து அதைக் கேட்பதற்கு ஒரு பயிற்சி நடக்கிறதாம். சனிக்கிழமை தோறும். கடைவீதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே.

"குழந்தைகளோட இருந்து பழக்கம் உண்டா?" என்று முதல் நாள் டீச்சர் கேட்டார்.

"காலம் பூரா அதுங்களோடதானுங்க."

"அவங்க உங்களோட இருந்திருக்காங்களா?"

வாத்தியாருக்குக் கேள்வி புரியவில்லை. தலையாட்டி வைத்தார்.

*

அந்த மாடி அறையில் ஒரு மணல் தொட்டி. ஒரு மர அலமாரி. அதன் தட்டுகளில் பொம்மைகள். மாடு, பஸ், போலீஸ்காரர், மணப்பெண், முதலை, சின்னக் கட்டில், யானை.

ஒரே ஒரு பழக்கத்தில்தான் டீச்சர் கண்டிப்பு. ஒரு குழந்தை விளையாடிவிட்டுப் போனதும், அடுத்த குழந்தை வருவதற்குள், ஒவ்வொரு பொம்மையும் அதனதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். யானை இரண்டாம் தட்டு என்றால் இரண்டாம் தட்டு. மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் என்றால் நடுவில்.

"கொஞ்சம் தள்ளி இருந்தா என்னங்க டீச்சர்?" என்று பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கேட்டாள்.

டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வாசலில் விட்ட செருப்புகள் விட்ட இடத்தில் இல்லை. படியெல்லாம் இறைந்து கிடந்தன. ஒன்று ஜன்னல் மேல். ஒன்று குப்பைக் கூடைக்குள்.

"எவன்டா இது?" என்றார் வாத்தியார். கை நெஞ்சுக்குப் போனது. அங்கே விசில் இல்லை.

டீச்சர் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

"செருப்புக்கே இவ்வளவு கோபமாண்ணா?"

அதன் பிறகு, கொஞ்சம் தள்ளி இருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. டீச்சருடைய செருப்பும் அதில் கலந்திருந்தது. அதைத் தேடிக் கொடுத்தது வாத்தியார்தான்.

*

சஷ்டிகாவை அவளுடைய அப்பா பழனிவேல் கூட்டி வந்தான். லாரி ஓட்டுகிறவன். கதவுக்குள் வரும்போதே தலையைக் குனிந்துகொண்டு வந்தான், கதவு உயரமாகவே இருந்தும்.

"பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள அடிக்கறா, கடிக்கறாங்க. இன்னொரு தடவை ஏதாச்சும்னா டி.சி.ய வாங்கிட்டுப் போயிருங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. நான் வண்டியில போனா வாரக் கணக்குல வர மாட்டனுங்க. டி.சி. குடுத்துட்டா ஹாஸ்டல்தான். வேற வழியில்லீங்க."

"அவ அம்மா?"

பழனிவேல் மகளைப் பார்த்தான். அவள் அலமாரிப் பக்கம் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போன ஆடியில மஞ்சக் காமாலை. தவறிப் போச்சுங்க. புள்ளகிட்ட, கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். யாரும் மாத்திச் சொல்லிராதீங்க டீச்சர். தாங்க மாட்டா."

"எப்ப வருவாங்கன்னு அவ கேக்கறாளா?"

"அதுதாங்க அதிசயம். ஒரு நாள்கூடக் கேக்கல."

டீச்சர் அலமாரிப் பக்கம் நின்ற பிள்ளையைப் பார்த்தார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, இவ உங்க கூட."

*

முதல் நாள் சஷ்டிகா யானையை மணலில் புதைத்தாள். தோண்டினாள். மறுபடி புதைத்தாள். வாத்தியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று யானையைச் சுவரில் அடித்தாள். கால் தெறித்து விழுந்தது. அதைப் பார்த்ததும் வீரிட்டாள். கீழே மருந்துக் கடைக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிற அளவுக்கு.

வாத்தியாரின் கை நெஞ்சுக்குப் போனது. விசில் இல்லை. வாய்தான் இருந்தது.

"பரவால்ல, பரவால்ல. ஒண்ணும் ஆகல. அழக் கூடாது. நல்ல புள்ளல்ல? பரவால்ல, பரவால்ல."

அவள் நிறுத்திவிட்டாள். குழாயைத் திருகி மூடினாற்போல்.

அவர் டீச்சரிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

"ஒரே நிமிசம். அடங்கிருச்சுங்க."

"அந்த அழுகை எங்கே போச்சுங்கண்ணா?"

"போச்சுங்க. நின்னு போச்சு."

"நின்னுதா, போச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

டீச்சர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பழனிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு சஷ்டிகா போய்க்கொண்டிருந்தாள். அவள் வளைவில் திரும்பி மறையும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

திங்கட்கிழமை அவள் வகுப்பில் ஒரு பையனின் கையைக் கடித்தாள். பல் பதிந்துவிட்டது. ஹெச்.எம். பழனிவேலை வரச் சொன்னார். வருடப் பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகவும், அதற்குள் இன்னொரு முறை நடந்தால் அன்றைக்கே டி.சி. என்றும் சொன்னார்.

சனிக்கிழமை வாத்தியார் படியேறும்போதே டீச்சர் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அது எங்க போச்சுன்னு தெரிஞ்சிருச்சுங்க."

"எங்கே?"

"இன்னொரு புள்ளையோட கையில."

டீச்சர் அடுத்த படியில் கால் வைத்தார்.

"இது பாதிப் பதில்ணா."

*

சரி, இனி வாயைத் திறப்பதில்லை என்று வாத்தியார் முடிவு செய்துகொண்டார்.

சஷ்டிகா அன்று அவர் மேல் மணலை வாரி இறைத்தாள். அவர் அசையவில்லை. கண்ணில் விழுந்தது. அசையவில்லை. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்று கத்தினாள். கல்லைப்போல் உட்கார்ந்திருந்தார். அவள் கத்தக் கத்த இன்னும் கல்லானார். கடைசியில் அவள் மேசைக்கு அடியில் புகுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அசையவே இல்லைங்க டீச்சர்" என்றார். புருவத்தில் இன்னும் மணல் இருந்தது.

"அப்படியா. உட்காருங்கண்ணா. கண்ணைக் கழுவினீங்களா?"

"கழுவிட்டனுங்க."

"உங்க வீட்டம்மா எப்படித் தவறினாங்க? நீங்க சொன்னதே இல்லையே."

வாத்தியார் எதிர்பார்க்கவில்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என்ன நோய் என்று கேட்டார்கள். எந்த டாக்டர் என்று கேட்டார்கள்.

"கடைசி நாள் சாயங்காலமுங்க. தலை வாரிவிடச் சொன்னா. அவளுக்குக் கை தூக்க முடியல. எனக்கென்ன தெரியும் தலை வாரறதுக்கு..."

டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் விளையாட்டு விழாவுல மார்ச் போற புள்ளைங்களோட தலைதான். ரெட்டை சடை. அதையே..."

டீச்சரின் முகத்தில் ஒரு ரேகைகூட அசையவில்லை. கண் அவர்மேல் இருந்தது. ஆனால் அங்கே யாரும் இல்லை.

வாத்தியார் தடுமாறினார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். "ரெட்டை சடைங்க டீச்சர். ரிப்பன்கூட வெச்சுக் கட்டினேன்." ஒன்றுமில்லை. கையை ஆட்டிச் சொன்னார். ஒன்றுமில்லை.  மேசையைத் தட்டிவிட்டார்.

"ஏனுங்க, நான் இங்க என்ற பொண்டாட்டி செத்த கதையைச் சொல்லிட்டிருக்கேன். நீங்க சுவராட்டம் உக்காந்திருக்கீங்க?"

"நான் அசையவே இல்லையேண்ணா" என்றார் டீச்சர்.



பிறகு டீச்சர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது முகம் திரும்பி வந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க. இப்பச் சொல்லுங்க. ரெட்டை சடையா?"

"ஆமாங்க."

"ரிப்பன் வேறயா?"

"சிவப்பு ரிப்பன். வீட்டுல அதான் இருந்துச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கண்ணாடியைக் காட்டச் சொன்னா. காட்டினேன். சிரிச்சா பாருங்க... அப்படி ஒரு சிரிப்பு. மார்ச் பாஸ்ட் போகலாமா வாத்தியாரேன்னு கேட்டா. விடியறதுக்குள்ள போயிட்டா. அந்தச் சடையோடவே."

டீச்சர் சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது. வாத்தியாரும் சிரித்தார். பிறகு அவருக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் வராதது. மூச்சு முட்டி, தோள் குலுங்கி வந்தது.

டீச்சர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லவில்லை. முதுகைத் தட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்தார். மெதுவாக, நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். மாடிப்படியில் விடுகிற அதே மூச்சு.

வெகுநேரம் கழித்து வாத்தியாருக்கு ஒன்று தெரிந்தது. அவருடைய மூச்சும் அதே வேகத்துக்கு வந்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா" என்றார் டீச்சர்.

அன்று வாத்தியார் வீட்டுக்குப் பஸ்ஸில் போகவில்லை. நடந்து போனார். வழியெல்லாம் மயிலாத்தாள் கூடவே வந்தாள், ரெட்டை சடையோடு. இப்படி ஒரு சாயங்காலத்தைக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. என்ன செய்வது என்று தெரியவில்லை. மறு வாரம் ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார்.

"எதுக்குண்ணா?"

"சும்மாதாங்க."

டீச்சர் ஒன்றை உரித்துத் தின்றார். இன்னொன்றை உரித்து அவரிடம் நீட்டினார்.

*

அதற்குப் பிறகு சஷ்டிகாவோடு இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவந்தது. அவள் புதைத்தால், "புதைச்சுட்டே" என்றார். தோண்டினால், "வெளிய வந்துருச்சு" என்றார். கத்தினால் அவருடைய முகம் அவளோடு சேர்ந்து மாறியது. கை மட்டும் மடியிலேயே இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் போவது நின்றுவிட்டது. ஒவ்வொரு வாரமும் அந்த உடைந்த யானையைத்தான் எடுத்தாள். கால் தனி, யானை தனி. புதைத்தாள், எடுத்தாள்.

அங்கேதான் வாத்தியாரின் நல்ல மனசு குறுக்கே வந்தது.

ஒரு சனிக்கிழமை சீக்கிரம் வந்தவர், பொம்மைகளை அடுக்கும்போது அந்த யானையைப் பார்த்தார். பாவம் என்று நினைத்தார். கடைவீதிக்குப் போய்ப் பசை வாங்கி வந்து ஒட்டினார். ஒட்டினது தெரியாத அளவுக்கு ஒட்டினார். மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், அதே இடத்தில் வைத்தார்.

சஷ்டிகா வந்தாள். யானையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் காலைச் சுரண்டினாள்.

முதன்முதலாக வாய் திறந்தாள்.

"இது அது இல்ல."

யானையைத் தரையில் வைத்தாள். மேசைக்கு அடியில் போனாள். பழனிவேல் வந்து கூப்பிடும்வரை வெளியே வரவில்லை.

மறு வாரமும் மேசைக்கு அடியில்தான்.

"நல்லதுதானுங்களே பண்ணினேன்?" என்று வாத்தியார் டீச்சரிடம் புலம்பினார். "உடைஞ்சதை ஒட்டினது ஒரு குத்தமா?"

"யாருக்கு நல்லது?"

அவர் யோசித்தார். வீட்டுக்குப் போயும் யோசித்தார். பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. அந்தப் பிள்ளை மறுபடி யாரையாவது கடித்தால், அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பியது பசைதான் என்று ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை மாடிக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் ஒட்டின காலைப் பிடுங்கினார். பசை நல்ல பசை. ஒட்டின இடத்தில் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே, வேறு இடத்தில் முறிந்தது.

யானையையும் காலையும் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிற்கும்போது டீச்சர் உள்ளே வந்தார்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

*

வியாழக்கிழமை காலை தகவல் வந்தது. டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே இதயத்தில் கோளாறு. தூக்கத்திலேயே நின்றுவிட்டது.

வாத்தியார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சர்ச்சில் பாடினார்கள். அவருக்குப் பாட்டு தெரியாது. கடைசி வரிசையில் நின்று மெதுவாக, நீளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அந்தப் பயிற்சி மையத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். "குழந்தைங்ககிட்ட, டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிருங்க சார். எதுக்கு அதுங்களுக்கு வேற?"

வாத்தியார் மாடிப்படி ஏறினார். பாதியில் நின்றார். மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் சுவரில் கை வைத்து நின்றார். அங்கே சுண்ணாம்பு கொஞ்சம் மழமழப்பாக இருந்தது.

பிறகு போய்ப் பொம்மைகளை அடுக்கினார். மாடு, யானை, பஸ். காலை யானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

*

பழனிவேல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். சஷ்டிகா உள்ளே வந்தாள். நேராக அலமாரிக்குப் போனாள். யானையைப் பார்த்தாள். உடைந்த இடத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சஷ்டிகா, இந்த யானையைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் வாத்தியார். "உன்னைக் கேக்காம நான்தான் இதை ஒட்டினேன். நீ, இது அது இல்லேன்னு சொன்னே. அதனால பிடுங்கினேன். அது வேற எடத்துல உடைஞ்சு போச்சு."

அவள் விரலால் முறிவைத் தொட்டாள்.

"கேக்காம எதுக்கு ஒட்டுனீங்க?"

"உடைஞ்சதைப் பாக்கறதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

அவள் யோசித்தாள்.

"எனக்குந்தான்" என்றாள்.

யானையைத் தொட்டிக்கு எடுத்துப் போனாள். கால்மேல் கொஞ்சம் மணல் போட்டாள். நிமிராமலே கேட்டாள்.

"டீச்சர் எங்க?"

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"டீச்சரும் ஊருக்குப் போயிட்டாங்களா?"

வாத்தியாரின் கை நெஞ்சுக்குப் போகப் பார்த்தது. பாதி வழியில் நின்று மடிக்குத் திரும்பியது.

"இல்ல கண்ணு. டீச்சர் செத்துப் போயிட்டாங்க."

"செத்துட்டா?"

"செத்துட்டா உடம்பு நின்னுரும். வலிக்காது. பசிக்காது. திரும்பி வர மாட்டாங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அவள் எழுந்து அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். அன்று கத்தியபோது நின்ற அதே இடம்.

"அழுவறீங்களா?"

"ஆமா."

"பரவால்ல, பரவால்ல" என்றாள் அவள். அவர் சொன்ன மாதிரியே, அதே வேகத்தில்.

"இல்ல கண்ணு" என்றார் வாத்தியார். "எனக்கு டீச்சரை ரொம்பப் பிடிக்கும்."

அவள் யானையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாள். 

"எங்கம்மாவும் அப்படித்தானா?"

வாத்தியார் எழுந்தார். கதவைத் திறந்தார். பழனிவேல் பெஞ்சை விட்டு எழுந்து வாசலுக்கே வந்திருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"அவ ஒண்ணு கேக்கறாங்க. அதை நான் சொல்லக் கூடாது."

"நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?" என்று பல்லைக் கடித்தான் பழனிவேல். "என்ன சொன்னேன் நான்?"

"என்னைத் திட்டுங்க. ஆனா அவ உங்களைப் பாத்துட்டு நிக்கறா."

பழனிவேல் திரும்பிப் பார்த்தான். அவள் நின்றிருந்தாள். கையில் மூன்று கால் யானை.

அவன் தலை குனிந்து உள்ளே வந்தான். மணல் தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது.

"ஆமா சாமி."

*

வீரிட்டாள்.

முதல் நாள் அவர் நிறுத்திய இடத்திலிருந்து அது தொடங்கினாற்போல் இருந்தது. கீழே மருந்துக் கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்திருப்பார். தொட்டி மணல் அறை முழுக்கப் பறந்தது. அப்பாவின் நெஞ்சில் குத்தினாள். கேரளா, கேரளா என்று சொல்லிச் சொல்லிக் குத்தினாள்.

"அழாத சாமி. பரவால்ல. ஒண்ணுமில்ல. அப்பா இருக்கேன் பாரு. பரவால்ல..."

வாத்தியார் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"எப்பங்க நிக்கும்?"

"தெரியாதுங்க."

"நான் என்ன பண்ணட்டும்?"

"இங்கயே இருங்க."

பழனிவேல் இருந்தான். குத்துகளை வாங்கிக்கொண்டு இருந்தான். அவன் மூச்சு லாரி மேடு ஏறுகிற மாதிரி இரைத்தது. வாத்தியார் ஒன்றும் செய்யவில்லை. மெதுவாக, நீளமாக மூச்சு விட்டார். இழுத்தார். விட்டார்.

கத்தல் அழுகையானது. அழுகை விசும்பலானது. விசும்பல் விக்கலானது. அவளுடைய தலை அப்பாவின் மடியில் கிடந்தது, முடியெல்லாம் மணல். பழனிவேலின் மூச்சு எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அவளுடையதும் அதனோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீயும் அழுவறே" என்றாள்.

"ஆமா சாமி."

அவள் கையை நீட்டி, அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

அந்த அழுகை அன்று நின்றுதான் இருந்தது; இன்றுதான் போனது. மீதிப் பதில் வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. சொல்வதற்காகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

படியில் யாரும் இல்லை.

*

போகும் நேரம் வந்தபோது அவர் பொம்மைகளைப் பொறுக்கக் குனிந்தார். சஷ்டிகா அவர் கையிலிருந்து யானையை வாங்கிக்கொண்டாள். தானே கொண்டுபோய் வைத்தாள். மூன்று காலில் அது சாய்ந்தது. பஸ்ஸை நகர்த்தி அதற்கு முட்டுக் கொடுத்தாள். உடைந்த காலை அதன் முன்னால் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"ஒட்டிராதீங்க சார்."

"கேக்காம ஒட்ட மாட்டேன்."

படியில் பழனிவேல் நின்று திரும்பிப் பார்த்தான்.  இரண்டு கையையும் கூப்பினான். வாத்தியார் அந்தக் கும்பிடைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அவன் நின்றிருந்தது பாதிப் படியில்.

*

அவள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் இப்போது ஆறாவது படிக்கிறாள். ரெட்டை சடை போட்டுக்கொண்டு போகிறாள்.

அந்த அறையில் சனிக்கிழமைகளில் இப்போது வேறு குழந்தைகள் வருகிறார்கள். யானை இரண்டாம் தட்டில், பஸ்ஸின் மேல் சாய்ந்து நிற்கிறது. கால் அதன் முன்னால் இருக்கிறது.